கேதாரம் முதலில், சிங்கப்பூர் கடைசியில்: ஓய்வா வேலையா, ஓர் ஒப்பீடு

எனக்கு 57 நடக்கிறது. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. 58-இல் பிஎஃப் பென்ஷன் வந்துவிடும். முதலாளியோ, "இன்னும் நாலஞ்சு வருஷம் இருங்களேன், எங்கே ஓடப் போறீங்க?" என்கிறார். இந்த இடத்தில் நிற்பவர்கள் செட்டிநாட்டில் நிறையப் பேர். பிள்ளைகள் வராததால் கடையைத் தானே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், 60-இல் ஓய்வு பெறப்போகும் ஆசிரியர்கள், சென்னையில் சம்பாதித்தது போதும், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து குடிவரலாம் என்று நினைப்பவர்கள். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "ரிட்டயர் ஆனதும் நாலு ஊர் பாக்கணும்."

வழிகள் மூன்று. 58-இல் வேலையை விட்டுவிட்டுக் கிளம்புவது ஒன்று. 62, 65 வரை சம்பாதித்துவிட்டு, கையில் தாராளமாக வைத்துக்கொண்டு போவது இரண்டாவது. முழு வேலையை விட்டு அரை வேலைக்கு மாறி, வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் ஊர் சுற்றுவது மூன்றாவது.

பொதுவாக இந்த மூன்றையும் பணத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். என் கட்சி வேறு. எந்தெந்த ஊருக்குப் போக ஆசை என்று ஒரு பட்டியல் போடாமல் இதை ஒப்பிடவே முடியாது. சிங்கப்பூர் மட்டும்தான் ஆசை என்றால் 65 வரை தாராளமாக வேலை பார்க்கலாம். கேதார்நாத் பட்டியலில் இருந்தால் கதையே வேறு.

முதலில் கால்

முப்பதைத் தாண்டியதும் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறது. தசையைவிட அதன் வலு இன்னும் விரைவாகப் போய்விடும். மூச்சும் அப்படித்தான். உழைக்கும்போது உடம்பு உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியும் என்பது, உடற்பயிற்சி இல்லாதவர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது.

நம் ஊரில் வாழ்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை, அதுதான் சிக்கல். தட்டையான பூமி. கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றி வர எந்த மூச்சும் வேண்டாம். ஸ்கூட்டர் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. அதனால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று 65 வரை நம்பிக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் குன்றக்குடிக்குப் போய், படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள். ஏறும்போது மூச்சு கணக்கைச் சொல்லும், இறங்கும்போது முழங்கால் சொல்லும். இறங்குவதுதான் முழங்காலுக்குப் பெரிய பாரம், உடம்பு எடையைப் போலப் பல மடங்கு அதன்மேல் விழுகிறது. இன்னொரு சோதனை வீட்டிலேயே உண்டு. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? எங்கள் கல்யாண வீடுகளில் டேபிள் பந்தி பக்கம் நகரும் கூட்டம் வருஷா வருஷம் கூடுகிறது. யாரும் காரணம் சொல்வதில்லை.

தேய்மானம் ஒரே சீராகவும் வருவதில்லை. நான்கு வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு வழுக்கல், ஒரு ஸ்டென்ட், ஒரு கண் அறுவை சிகிச்சை என்று ஏதாவது வந்து, ஒரே நாளில் இரண்டு படி கீழே இறக்கிவிடும். 62-இல் இப்போது போலவே இருப்பேன் என்று கணக்குப் போடுவது இதனால்தான் ஆபத்து. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுபதிலும் எடை தூக்கிப் பயிற்சி செய்தால் தசை வலு கூடும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழநிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தில் எழுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வருஷா வருஷம் விடாமல் நடப்பவர்கள். 65-இல் ஓய்வு பெற்றபின் முதல் தடவையாக நடக்கக் கிளம்பியவர்கள் அந்தக் கூட்டத்தில் அபூர்வம்.

என் பெரியப்பா மகன் ஒருவர், 69 வயது, வியாபாரம் நன்றாகப் போகிறது. போன பொங்கலுக்கு, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் பார்த்தபோது, "ஏண்ணே, இனிமேலாவது நாலு எடம் போய்ட்டு வரலாம்ல?" என்றேன். "தம்பி, காசு இருக்கு, காரு இருக்கு. ஆனா பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்துத்தான் இப்ப நான் ஊரையே முடிவு பண்றேன்" என்றார். இரண்டாவது வழியைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எழுபது என்ற வரம்பு

அரசாங்கங்களும் இதைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கின்றன. கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு வயது வரம்பு 18 முதல் 70. அமர்நாத்துக்கு 13 முதல் 70, அதோடு மருத்துவச் சான்றிதழும் கட்டாயம். நம் அறநிலையத்துறை மூத்தவர்களை இலவசமாக ராமேஸ்வரம்–காசிக்கும் அறுபடை வீட்டுக்கும் அழைத்துப் போகும் திட்டங்களிலும் 60 முதல் 70 வரைதான். ரயிலிலும் பஸ்ஸிலும் போகும் பயணத்துக்கே எழுபதில் நிறுத்துகிறார்கள். ஆக 58-இல் விடுகிறவருக்கு 12 வருஷம் கையில் இருக்கிறது, 65-இல் விடுகிறவருக்கு ஐந்து. அந்த ஐந்தும் கடைசி ஐந்து.

என் பட்டியலை இப்படிப் பிரித்திருக்கிறேன். மலையும் உயரமும் முதல் வரிசை. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஏற்றம், கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் காரைக்குடியில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அமர்நாத் குகை 3,888 மீட்டர். கைலாய வலம் 5,600 மீட்டருக்கு மேலே டோல்மா கணவாயைத் தாண்டுகிறது. அதை நான் ஆசைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் இந்த வரிசைதான்.

நடக்க வேண்டும், ஆனால் சொந்த வேகத்தில் நடக்கலாம் என்பவை இரண்டாம் வரிசை. காசிக்கு ராமேஸ்வரத்திலிருந்து நம் ஊர் வழியாகவே வாராந்திர ரயில் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரத்தில் தங்கினால் நம் ஊர்ச் சாப்பாடு, மாலையில் விசுவநாதருக்குப் பூஜைச் சாமான் கொண்டுபோகும் சம்போ ஊர்வலம் கிளம்புவதைப் பார்க்கலாம். சிரமமெல்லாம் சந்துகளிலும் ஈரப் படித்துறைகளிலும்தான். பினாங்கு தண்ணீர்மலையும் இந்த வகை. நகரத்தார் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது, மலைமேல் கோயிலுக்கோ ஐந்நூறுக்கு மேல் படி.

மூன்றாம் வரிசைக்கு உட்காரத் தெரிந்தால் போதும். சிங்கப்பூரில் எங்கே பார்த்தாலும் லிஃப்ட், சக்கர நாற்காலி போகாத இடம் குறைவு. 1859-இல் கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணியைக் கும்பிட ஒரு மலையும் ஏற வேண்டாம். திருச்சியிலிருந்து நேராக விமானம். இதை 72-இலும் பார்க்கலாம். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாற்றங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்களை ஒரு கார் எடுத்து நிதானமாகச் சுற்றுவதும் அப்படித்தான். விசித்திரம் என்னவென்றால், நம் ஆட்கள் பெரும்பாலும் சிங்கப்பூரை முதலில் பார்த்துவிட்டு, "கேதாரம் ரிட்டயர் ஆனப்புறம்" என்று தள்ளிவைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் லீவு கிடைக்காது என்பார்கள்.

நான்கு வருஷத்தின் விலை

சரி, பணத்துக்கு வருவோம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்கிறேன். சொந்த வீடு, கடன் இல்லை, மாதச் செலவு 35,000. ஓய்வின்போது கையில் வரும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 30 லட்சம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சம் 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, மாதத்துக்கு 20,500. போடும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. சாதாரணமாக 60 வயது ஆக வேண்டும். ஆனால் 55-க்கு மேல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் 60 வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சலுகை சம்பளக்காரருக்குத்தான். 58-இல் கடையை மூடுகிறவருக்குக் கிடையாது. அவர் அஞ்சலக மாத வருமானத் திட்டம் போன்றவற்றில்தான் இரண்டு வருஷம் ஓட்ட வேண்டும். அதில் கூட்டுக் கணக்கில் 15 லட்சத்துக்கு 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 வரும்.

பிஎஃப் பென்ஷனை நம்பி யாரும் பயணத் திட்டம் போட வேண்டாம். கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 என்று உச்சவரம்பு இருப்பதால், 30 வருஷ சேவைக்கும் மாதம் ஏழாயிரத்துக்குள்தான். 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். ஏழாயிரத்தில் 4 சதவீதம் என்ன, நீங்களே பாருங்கள்.

ஆக நம் உதாரணக்காரருக்கு மாதம் 27,000 சொச்சம் வரும், ஏழெட்டாயிரம் துண்டு விழும். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். வேறு சேமிப்போ வாடகையோ இல்லாவிட்டால் 58 சரிப்படாது. கல்யாணத்துக்குப் பெண் இருந்தாலோ, வீட்டுக்கடன் மிச்சம் இருந்தாலோ இந்தக் கட்டுரையே அவருக்கு வேண்டாம். வேலையில் இருக்கட்டும், லீவு போட்டு ஒரு மலை பார்த்துவிடட்டும்.

ஆனால் சமாளிக்க முடிகிறவர் 62 வரை இருந்தால் என்ன கிடைக்கும்? மாதம் 20,000 மிச்சம் பிடிக்கிறார் என்றால் நான்கு வருஷத்தில் 9,60,000, வட்டியும் சேர்ந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். அதற்குக் கொடுப்பது பன்னிரண்டில் நான்கு வருஷம், அதுவும் கால் நன்றாக இருக்கும் முதல் நான்கு. வருஷத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் விலை. எனக்கு அது மலிவாகப் படுகிறது, விற்க மனமில்லை. வேறொருவருக்கு நல்ல விலையாகத் தோன்றலாம்.

"60 ஆகட்டும், ரயிலில் பாதி டிக்கெட்" என்ற பழைய வாதமும் செல்லாது. மூத்தவர்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. மிச்சம் இருப்பது கீழ்ப் படுக்கை முன்னுரிமை. பெண்களுக்கு 45-லேயே கிடைத்துவிடும், ஆண்கள் 60 வரை மேலே ஏறிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

யாரும் பேசாத பன்னிரண்டு வருஷம்

58-இல் விடுவதில் எனக்குப் பயம் ஒன்றே ஒன்றில்தான், மருத்துவக் காப்பீடு. வேலையை விட்ட அன்றே கம்பெனியின் குழுக் காப்பீடு முடிந்துவிடும். எழுபது ஆனால் ஆயுஷ்மான் பாரத்தில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் விரிவாக்கினார்கள். நடுவில் 58 முதல் 70 வரை நம் பாடு நம்மோடு. ஊர் சுற்ற நினைக்கும் அதே வருஷங்கள்.

தனியாக பாலிசி எடுக்கலாம். 65-க்கு மேலும் எடுக்கலாம் என்று 2024-இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம். 58-இல் எடுத்தால் 61 வரை, சர்க்கரையால் வரும் சிகிச்சைக்குக் கையைக் கடிக்கும். எனவே 55-லேயே சொந்தமாக ஒன்றை ஆரம்பித்துவிட வேண்டும், கம்பெனியில் இருக்கிறதே என்று பார்க்கக் கூடாது. ஆரம்பிக்காதவர்கள் குழுக் காப்பீட்டிலிருந்து தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று வேலையை விடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டபிறகு கேட்டுப் பயனில்லை.

புரட்டாசியும் அரை வேலையும்

மூன்றாவது வழிதான் கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்கப் போன காலத்தில், கடை முகவர்கள் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போய், முடிந்ததும் ஊர் திரும்பிச் சில காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறினார்கள். வேலையும் இடைவெளியும் மாறி மாறி வரும் வாழ்க்கை நம் ஐயாக்களுக்குப் பழகியதுதான்.

கடைக்காரர்களுக்கு இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் போகலாம். கடை இல்லாமல் காலையில் எங்கே போவது என்ற தவிப்பும் இருக்காது. ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்து வாடிப்போனவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். கார்த்திகையில் பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவோம். தையில் பொங்கல், படைப்பு, கல்யாணங்கள். ஆவணியிலும் கல்யாணம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் இமயமலையில் மழையும் நிலச்சரிவும் அப்போதுதான். மிஞ்சுவது புரட்டாசி. நம் பக்கம் முகூர்த்தம் கிடையாது, யாரும் பத்திரிகை நீட்ட மாட்டார்கள். வடக்கே மழை விலகும் நேரம். கேதார்நாத் தீபாவளி கழிந்து இரண்டு மூன்று நாளில்தான் மூடுகிறது. குளிர் இருக்கும், கம்பளி எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

என் தொழிலுக்கு இந்த வழி உதவாது. "நாலு கடைக்குக் கணக்கு மட்டும் பாத்துக் குடுங்க" என்று இப்போதே கேட்கிறார்கள். ஜிஎஸ்டிக்கு மாதம் 11-ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்குள் இன்னொன்று. வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30. அது புரட்டாசியின் நட்டநடுவில் வந்து உட்காருகிறது. சம்பளம் பாதியாகும், தேதிகள் முழுசாக இருக்கும். கணக்குக்காரர்களும் வக்கீல்களும் அரை வேலை என்று யாராவது சொன்னால், எந்தத் தேதிகளில் என்று முதலில் கேளுங்கள். மாலையில் ட்யூஷன் எடுக்க நினைக்கும் ஆசிரியருக்கும் காலாண்டுத் தேர்வு இதே சமயம்தான்.

இன்னொரு வேலையும் உண்டு, அதற்குச் சம்பளம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், ஓய்வு பெற்றாயிற்று என்று தெரிந்ததும் பிரசவத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆறு மாதம் பனியில் வீட்டுக்குள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவசியமான காரியம், சந்தோஷமான காரியமும்கூட. பயணக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கரையானும் ஓடு ஒழுகலும் எந்த வயதிலும் ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், அவ்வளவே.

ஆக நான் 58-இல் விடுகிறேன், முதல் வழி. காப்பீடு ஏற்கெனவே ஓடுகிறது, வந்த பணத்தைக் கெடுவுக்குள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிடுவேன், துண்டு விழுவதற்கு ஒரு கடை வாடகை வருகிறது. அந்த வாடகை இல்லாதிருந்தால் 60 வரை இருந்திருப்பேன், அதற்குமேல் இல்லை.

இழுபறி கேதாரத்தில்தான். கணவன் மனைவியாகப் போகும்போது இருவரில் மெதுவாக நடப்பவரின் காலை வைத்துத்தான் வரிசை போட வேண்டும். என் மனைவி என்னைவிடச் சின்னவள், ஆனால் குன்றக்குடியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். டோலியில் அடுத்த மனுஷன் தோளில் உட்கார்ந்து போக மாட்டேன் என்கிறாள். கேதாரத்துக்கு ஹெலிகாப்டர் டிக்கெட் ஐஆர்சிடிசி வழியாக விற்கிறார்கள், ஆனால் உடம்பு பழக அவகாசமே இல்லாமல் நேரே அந்த உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். நான் நடந்து வருகிறேன், நீ ஹெலிகாப்டரில் வா, மேலே பார்த்துக்கொள்வோம் என்றேன். "இன்னும் அறுபதாம் கல்யாணம்கூட ஆகலை, அதுக்குள்ள தனித்தனியாப் போகச் சொல்றீங்களா?" என்கிறாள். பத்ரிநாத்துக்குக் கோயில் பக்கம் வரை காரே போகும். இந்தப் புரட்டாசிக்கு அது, கேதாரம் அவள் முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது.